உள்ளங்கை அளவு ஃபில்டர்

எங்கள் முதலாளி ஆனந்தகுமார் குமாரபாளையத்தில் சாயப்பட்டறை வைத்திருக்கிறார். ஐம்பத்திரண்டாவது வயதில் அவருக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. தினமும் நடக்கச் சொன்னவர் டாக்டர்தான். ஆனால் நடப்பதெல்லாம் பட்டறை முதலாளிக்கு அழகா என்று யோசித்து, வெளிநாட்டுச் சைக்கிள் ஒன்றை வரவழைத்துவிட்டார். அதன் பின்னாலேயே தொப்பி, விரல் இல்லாத கையுறை, பின்பக்கம் பஞ்சு வைத்த இறுக்கமான கால்சட்டை என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அந்தக் கால்சட்டையோடு அவர் பட்டறைக்குள் நுழைந்த முதல் நாள், பாய்லர் பக்கம் நின்றிருந்த ஆட்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குனிந்து தரையில் எதையோ தேடினார்கள்.

நான் சந்திரசேகர், அந்தப் பட்டறையின் கெமிஸ்ட். முதலாளி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "கெமிஸ்டு" என்பார். எம்.எஸ்ஸி. படித்தவன். சாயம் கலக்குவதற்கு எம்.எஸ்ஸி. தேவையில்லை, பத்தாவது படித்த எங்கள் சாய மாஸ்டர் என்னைவிட நன்றாகக் கலக்குவார். எனக்குச் சம்பளம் கையெழுத்துக்கு.

அதை விளக்கிவிடுகிறேன். எங்கள் பட்டறையிலிருந்து ஒரு சொட்டுச் சாயத்தண்ணீர்கூட வெளியே போவதில்லை. போகக் கூடாது என்பது சட்டம், ஆகையால் காகிதத்தில் போவதில்லை. பட்டறைக்குப் பின்னால் ஒரு பஸ் நீளத்துக்குச் சுத்திகரிப்பு மெஷின் நிற்கிறது. சாயம், உப்பு எல்லாவற்றையும் பிரித்து நல்ல தண்ணீராகத் திருப்பித் தரக்கூடிய மெஷின்தான். கரண்ட் அதிகம் தின்கிறது என்பதால் அரசாங்கத்திலிருந்து சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் அதை ஓட்டுவோம். மற்ற நாள்களில் தண்ணீர் தனக்குத் தெரிந்த வழியில், பின்சுவருக்கு அடியில் புகுந்து, ஓடையில் விழுந்து, காவிரிக்குப் போய்விடும்.

ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் ஒரு படித்துறை உண்டு. மாதம் ஒருமுறை நான் அங்கே போய் இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருவேன். மீட்டரில் வைத்தால் உப்பு லிட்டருக்கு ஆயிரத்து ஐந்நூறு, ஆயிரத்து அறுநூறு மில்லிகிராம் என்று காட்டும். ஐந்நூறுக்குள் இருந்தால்தான் நல்ல குடிதண்ணீர் என்பதால், அரசாங்கத்துக்குப் போகும் அறிக்கையில் நானூற்று இருபது என்று எழுதுவேன். அடுத்த மாதம் நானூற்றுப் பதினைந்து. மழைக்காலம் வந்தால் முந்நூற்றுத் தொண்ணூறு. எல்லா மாதமும் ஒரே எண்ணை எழுதினால் சந்தேகம் வரும் என்று முதலாளிக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். படித்த படிப்பு அதற்காவது உதவியது.

இப்படி எட்டு வருஷம். வேலையை விட்டால் நாற்பத்தேழு வயதில் எனக்கு வேறு பட்டறை கிடையாது. இந்த ஊர்ப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். ஒரு வாசல் மூடினால் எல்லா வாசலும் மூடும். மகள் அபிநயா பன்னிரண்டாவது படிக்கிறாள். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கதையின் முடிவில் நான் ஒரு காரியம் செய்கிறேன், அதை வைத்து யாரும் என்னை நல்லவன் என்று எண்ணிவிடக் கூடாது.

சைக்கிள் வந்தபிறகு முதலாளி சும்மா இருக்கவில்லை. சுற்று வட்டாரத்தில் இதே பைத்தியம் பிடித்த பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து ஒரு கிளப் ஆரம்பித்தார். நாமக்கல்லில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் கந்தவேல், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கும் கௌதமன் இரண்டு பேரும் அதில் முக்கியஸ்தர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் பவானிப் பாலத்தைத் தாண்டிப் போய், நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். மிதித்துக் கரைத்த கொழுப்பை அங்கேயே விட்டுவராமல் ஒழுங்காகத் திருப்பிக் கொண்டுவந்து வீடு சேர்த்தார்கள்.

உண்மையில் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவள் முதலாளியின் மகள் பிரீத்தி ஒருத்திதான். கோயம்புத்தூரில் கல்லூரி படிக்கிற பெண். அவள்தான் ஒருநாள் சொன்னாள், மேட்டூரிலிருந்து பூம்புகார் வரைக்கும் காவிரிக் கரையோரமாகவே ஐந்து நாள் சைக்கிளில் போகலாம் என்று. பின்னால் கார் வரக் கூடாது. கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கக் கூடாது. ஆற்றில் எடுத்து, கையில் கொண்டுபோகும் சின்ன ஃபில்டரில் வடிகட்டிக் குடித்துக்கொண்டே போவது.

முதலாளிக்கு அது ரொம்பவும் பிடித்துப்போயிற்று. "பிளாஸ்டிக் பாட்டலைப் போட்டுப் போட்டுத்தானுங்க ஆறே கெட்டுப்போவுது. நாமதான் வழி காட்டோணும்" என்றார். அவர் அதைச் சொன்னபோது நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். அன்றைக்கு ஓடையில் பச்சைச் சாயம் போய்க்கொண்டிருந்தது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

எந்த ஃபில்டர் வாங்குவது என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி அமைந்தது. சைக்கிளே இல்லாத நான் அதற்குத் தொழில்நுட்ப ஆலோசகர். மூன்று மாதம் அந்தக் கமிட்டி நடந்தது. மூன்று மாதத்தில் இந்த வட்டாரத்தில் கல்யாணம் பேசி, மண்டபம் பிடித்து, மொய் வாங்கி, மறுவீடும் போய் வந்துவிடலாம்.

முதலில் வந்தது உறிஞ்சுகுழல். குழலின் ஒரு முனையை ஆற்றில் விட்டு மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். முதலாளி எங்கள் அலுவலக அறையில் ஒரு பக்கெட் தண்ணீரை வைத்து, தரையில் கவிழ்ந்து படுத்து உறிஞ்சிக் காட்டினார். அதே நேரம் பார்த்துத் துணி வாங்க வந்த ஈரோட்டு வியாபாரி கதவைத் திறந்தவர், எதுவும் கேட்காமல் மூடிவிட்டுப் போனார். உறிஞ்சுகுழல் அன்றோடு தள்ளுபடி ஆயிற்று.

அடுத்தது கையால் அடிக்கும் பம்பு. அது கனம். அதற்கடுத்தது விளக்கு. தண்ணீருக்குள் விட்டு அமுக்கினால் நீல வெளிச்சம் அடித்துக் கிருமியைக் கொல்லும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் வேலை செய்யாது, பேட்டரியும் வேண்டும். குளோரின் மாத்திரை போதுமே என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கந்தவேல் உடனே பிடித்துக்கொண்டார்.

"எங்க பண்ணையில அதுதானுங்க. ஆயிரங் கோழிக்கு இவ்வளவுன்னு டேங்குல ஊத்தி உட்டர்றது. ஒரு ஆளுக்கு எத்தனை கோழிக் கணக்குன்னு மட்டும் சொல்லுங்க, நான் ஊட்டுல இருந்தே கொண்டாந்தர்றேன்."

ஒரு ஆள் எத்தனை கோழி என்று இரண்டு நாள் வாட்ஸ்ஆப் குழுவில் விவாதம் நடந்தது. முதலாளியின் எடைக்கு நாற்பத்தேழு கோழி வந்தது. அது அவருக்குப் பிடிக்காததால் மாத்திரையும் தள்ளுபடி.

கௌதமன் மட்டும் கடைசிவரை எந்த ஃபில்டரையும் நம்பவில்லை. "ஏனுங்க, வழியில அஞ்சு எடத்துல ஆயிரம் அடி போட்டு உட்டர்றேன். எங்க வேணுமோ அங்க நின்னு குடிச்சுக்கலாம்" என்றார். ரிக் வண்டிக்காரருக்குத் தாகம் எடுத்தாலும் பூமியைத்தான் தோண்டத் தோன்றும். அது முடியாது என்றதும், யாருக்கும் தெரியாமல் ஒரு கிலோமீட்டர் பின்னால் பொலிரோவில் இருபது லிட்டர் கேன் வரும்படி ஏற்பாடு செய்யலாம் என்றார். அதற்கு மட்டும் பல பேர் தனித்தனியாக அவருக்குச் சம்மதம் தெரிவித்தார்கள்.

கடைசியில் தேர்வானது உள்ளங்கை அளவில் ஒரு ஃபில்டர். நீலநிறக் குழாய், உள்ளே நூல் போன்ற குழல்கள், கூடவே ஒரு பை. பையில் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து, ஃபில்டரைத் திருகி, பையைப் பிழிந்தால் மறுபக்கம் நல்ல தண்ணீர் வரும். அந்தக் குழல்களில் உள்ள ஓட்டையின் அளவு புள்ளி ஒன்று மைக்ரான். பாக்டீரியா நுழைய முடியாது. நான்கு லட்சம் லிட்டர்வரை தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. தினம் ஐந்து லிட்டர் குடித்தாலும் முதலாளி இன்னும் இருநூறு வருஷத்துக்கு மேல் சைக்கிள் ஓட்டினால்தான் அதைத் தீர்க்க முடியும். அவர் அதை ஒரு சவாலாகவே எடுத்துக்கொண்ட மாதிரி தெரிந்தது.

பெட்டியில் இன்னொன்றும் எழுதியிருந்தது, ஃபில்டரை உறைபனியில் விடக் கூடாது, உள்ளே இருக்கும் குழல் வெடித்துவிடும் என்று. குமாரபாளையத்தில் அப்போது நாற்பத்தோரு டிகிரி. ஆனாலும் உறைபனி வந்தால் என்ன செய்வது என்று குழுவில் ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். இரவில் ஃபில்டரைப் பனியனுக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது என்று தீர்மானம் ஆயிற்று.

பெட்டிக்குள் இருந்த காகிதத்தைக் கடைசிவரை படித்தவள் பிரீத்திதான். விடுமுறைக்கு வந்தவள், அலுவலகத்தில் எல்லாரும் இருக்கும்போது அதை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, கிருமியை மட்டுந்தான் இது எடுக்குமாம். உப்பு, சாயம், கெமிக்கல் எதையும் எடுக்காதாம்."

"அதெல்லாம் ஆத்துல இருந்தாத்தானே கண்ணு எடுக்கோணும்? நம்ம கெமிஸ்டு மாசாமாசம் டெஸ்ட் பண்றாருல்ல. ஏனுங்க கெமிஸ்டு, ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டுங்க."

நான் முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். கண்ணடிப்பார் என்று எதிர்பார்த்தேன். இல்லையென்றால் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பாவது இருக்கும் என்று நினைத்தேன். எதுவும் இல்லை. அந்த மனிதர் நிஜமாகவே நம்பினார். பொய்யை எழுதச் சொன்னவர் அவர். எட்டு வருஷம் மாதம் ஒன்றாகத் தொண்ணூற்றாறு அறிக்கை வந்ததும், அதில் முத்திரை, கையெழுத்து, மழைக்காலத்துக்குக் கொஞ்சம் குறைவு எல்லாம் சரியாக இருந்ததும், அவரே அதில் விழுந்துவிட்டார். ஊரை ஏமாற்ற எழுதியதைப் படித்து ஊரில் ஒருவர்கூட ஏமாறவில்லை. ஏமாந்தவர் எழுதச் சொன்னவர் ஒருவர்தான்.

அறிக்கையை எடுத்துக் கொடுத்தேன். நானூற்றுப் பதினெட்டு. கந்தவேல் வாங்கிப் பார்த்துவிட்டு, "அட, எங்க பண்ணை போர்த் தண்ணியவிட நல்லா இருக்குதுங்களே" என்றார்.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் பிரீத்தி என்னிடம் தனியாக வந்தாள். "அங்கிள், அந்தக் காகிதமெல்லாம் எனக்கு வேண்டாம். நீங்க வாயால சொன்னாப் போதும். அஞ்சு நாளைக்கு இந்தத் தண்ணியைக் குடிக்கலாமா?"

"ரிப்போர்ட்டுல இருக்கறதுதாம்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். என் மகளைவிட மூன்று வயது பெரியவள். அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தேன், சாப்பிட முடியவில்லை, மூடி வைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று கேட்டால் பயம்தான்.

பயணத்தின் தொடக்கவிழா சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்று முடிவாயிற்று. இடம், எங்கள் படித்துறை. சொந்த ஊர்த் தண்ணீரை முதலில் குடித்துவிட்டு மேட்டூருக்குக் கிளம்ப வேண்டும் என்பது முதலாளியின் ஆசை.

வெள்ளிக்கிழமை காலையே அவர் ஓடையோரப் பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டார். சோதனைக்கு ஆள் வரப்போகிறது என்று தெரிந்தால் எங்கள் பக்கம் எல்லாரும் சேர்ந்து செய்யும் வழக்கம் ஒன்று உண்டு. யாரும் தண்ணீரைத் திறந்துவிட மாட்டார்கள், தொட்டியிலேயே தேக்கி வைத்துக்கொள்வார்கள். இரண்டு நாளில் ஓடை வெளுத்துவிடும். இந்த முறை வருவது சோதனைக்காரர் இல்லை, நம் சைக்கிள்தான் என்று சொல்லியே அதைச் செய்யச் சொன்னார். போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பி, "நம்ம ஆத்துத் தண்ணி நல்ல தண்ணிதானுங்க. இருந்தாலும் பாக்கறவங்களுக்குப் பளிச்சுன்னு இருக்கோணும்ல" என்றார். ஒரே மூச்சில் ஒரு மனிதரால் இரண்டையும் நம்ப முடிகிறது. நான் படித்த வேதியியலில் இந்த வினைக்குச் சமன்பாடு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் தெளிவாக இருந்தது. படிக்கட்டின் கடைசிப் படிவரை தெரிந்தது. மேலே பேனர் கட்டியிருந்தார்கள். அதில் முதலாளி சைக்கிளோடு நின்றார், பின்னணியில் பனிமலை. பன்னிரண்டு சைக்கிள் வரிசையாக நின்றன. பஞ்சு வைத்த கால்சட்டைகள் அங்கும் இங்கும் நடந்தன. பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் மாரியாயி ஓரமாக உட்கார்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். விசைத்தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்துப் பிழைக்கிறவர். மாதாமாதம் நான் பாட்டிலோடு வரும்போது தலையாட்டுவார், நானும் ஆட்டுவேன். எட்டு வருஷத்தில் எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. போட்டோவில் விழுகிறீர்கள், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்று யாரோ சொல்ல, அவர் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்.

முதலாளி பையில் தண்ணீர் மொண்டார். ஃபில்டரைத் திருகினார். எவர்சில்வர் டம்ளருக்கு மேல் பிடித்துக்கொண்டு பிழிந்தார். சொட்டுச் சொட்டாகத் தொடங்கி நூலாக விழுந்தது. எல்லாருடைய செல்போனும் மேலே போயிற்று.

"பாத்துக்குங்க. புள்ளி ஒண்ணு மைக்ரான். காசு குடுத்து வாங்கற தண்ணிகூட இப்படி இருக்காது."

அப்போதுதான் கந்தவேல் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். எழுதுகிற பேனா இல்லை, தண்ணீரில் உள்ள உப்பை அளக்கிற பேனா. அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஃபில்டர் எவ்வளவு இறக்குகிறது என்று எல்லாருக்கும் காட்டி முதலாளிக்குப் பெருமை சேர்க்கத்தான் கொண்டுவந்திருந்தார்.

முதலில் ஆற்றில் விட்டார். ஆயிரத்து நானூற்று அறுபது. நெற்றியைச் சுருக்கினார். பிறகு டம்ளரில் விட்டார். ஆயிரத்து நானூற்று அறுபது. பேனாவைச் சட்டையில் துடைத்து மறுபடியும் விட்டார். அந்த எண் அசையவில்லை.

"ஏனுங்க, ஃபில்டருக்கு முன்னயும் அதேதான், பின்னயும் அதேதான். ஆயிரத்துக்கு மேல போனா நான் கோழிக்கே வெக்க மாட்டனுங்க. முட்டை ஓடு மெலிசாப் போயிரும்."

முட்டை ஓட்டைப் பற்றி நாமக்கல்காரர் சொன்னால் இந்தச் சீமையில் மறுத்துப் பேச ஆள் கிடையாது.

முதலாளி என்னைப் பார்த்தார். "கெமிஸ்டு, உங்க ரிப்போர்ட்டுல எவ்வளவு?"

"நானூத்திப் பதினெட்டுங்க."

"அப்பப் பேனா ரிப்பேருங்க கந்தவேலு. பேட்டரியைப் பாருங்க."

"நாப்பதாயிரம் கோழி இந்தப் பேனாவை நம்பித்தானுங்க தண்ணி குடிக்குது" என்றார் கந்தவேல். அவருக்கு நிஜமாகவே மனசு சங்கடப்பட்டுவிட்டது. ஆனால் கூட்டத்தில் நாலைந்து பேர் பேட்டரிதான், பேட்டரியேதான் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கௌதமன் மட்டும் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். பொலிரோவைக் கிளப்பச் சொல்லத்தான் இருக்கும்.

பிரீத்தி அப்பாவின் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். "பேனாவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். அங்கிள் கையெழுத்துப் போட்டிருக்காருல்ல, அது போதும் எனக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

"வேண்டாம் சாமி. குடிக்காதே."

சொன்னது நான்தான். சொன்னபிறகுதான் எனக்கே தெரிந்தது. அவள் டம்ளரை இறக்கினாள்.

முதலாளி நல்ல வியாபாரி. கை நழுவுவதைச் சட்டென்று பிடித்துவிடுவார். "என்னுங்க கெமிஸ்டு, வெயில்ல நின்னு தலை சுத்துதுங்களா? போய்க் கார்ல ஏசியில உக்காருங்க" என்றார். எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்தார். ஆமாங்க, தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்திருந்தால் வேலை அப்படியே இருந்திருக்கும். அபிநயாவின் முகம் நினைவுக்கு வந்தது. எதிரே பிரீத்தி டம்ளரும் கையுமாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பேனா சரியாத்தானுங்க காட்டுது. ரிப்போர்ட்டுத்தான் பொய். எட்டு வருஷமா நான் எழுதினது எல்லாமே பொய்யிங்க. ரெண்டு நாள் நிறுத்தினதால நெறம் போயிருக்குது, மண்ணுல ஊறிக் கசியற உப்பு போகாது. எந்தக் கை ஃபில்டர்லயும் போகாது. அதை எடுக்கற மெஷின் நம்ம பட்டறைக்குப் பின்னால நிக்குதுங்க."

செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பிரீத்தி டம்ளரைப் படியில் வைத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலேறிப் போனாள்.

முதலாளி என் பக்கத்தில் வந்து, குரலை ஏற்றாமல், "நாளையில இருந்து நீங்க வர வேண்டாமுங்க" என்றார். எங்கள் ஊரில் ஒருவனை வேலையை விட்டு அனுப்பும்போதுகூட மரியாதை குறையாது.

பிறகு அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். இரண்டே நிமிஷம். அதற்குள் வேறு ஆள் ஆகிவிட்டார். "ஃபில்டர்ல குத்தமில்லீங்க. ரூட்டுத்தான் சரியில்லை. ஆத்தோரம் வேண்டாம், சேந்தமங்கலம் போயி அப்படியே கொல்லிமலை ஏறிருவோம். மலைத்தண்ணியில உப்பு ஏது?" அத்தனை பேருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. ஆறு கெட்டால் மலை இருக்கிறது. மலையும் கெட்டால் வேறு மலை பார்த்துக்கொள்ளலாம். கந்தவேல்கூடப் பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டு, மலையில் எந்த ஹோட்டலில் நாட்டுக்கோழி நன்றாக இருக்கும் என்று சொல்ல ஆரம்பித்தார்.

கட்டிய பேனர் வீணாகக் கூடாது என்று முதலாளிக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாரியாயியைக் கூப்பிட்டார். "இந்தம்மா மாதிரி ஆத்தோரம் இருக்கறவங்களுக்குத்தான் இது உபயோகப்படும். மலைக்கு நம்மகிட்ட இன்னொண்ணு இருக்குது" என்று சொல்லி, ஃபில்டரையும் பையையும் அவர் கையில் கொடுத்தார். பனிமலைக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். மாரியாயி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார். கைதட்டினார்கள். வரிசையாகச் சைக்கிள்கள் கிளம்பிப் போயின. சற்று நேரத்தில் பொலிரோவும் பின்னால் போயிற்று.

படித்துறையில் நானும் மாரியாயியும் மட்டும் நின்றோம். வேலை போய்விட்டது. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. எட்டு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு நிஜமான எண்ணை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன், அதுவும் இத்தனை பேர் நடுவில். யாராவது ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

மாரியாயி ஃபில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல புடிச்சா எங்க அடிபம்புத் தண்ணி குடிக்கலாமுங்களா?"

"குடிக்காதீங்கம்மா. உப்பும் சாயமும் இதுல போகாது. உங்க அடிபம்புத் தண்ணியும் ஆத்துத் தண்ணி மாதிரியே கெட்டுப்போச்சுங்க."

"கெட்டுப்போனது எங்களுக்குத் தெரியுமுங்க. பருப்பு வேகாது, சோறு மஞ்சளாப் போயிரும். கேன் வாங்க முடியாதன்னைக்கு மட்டும் அதைக் குடிக்கறது." அவர் ஃபில்டரை என் பக்கத்தில் படியில் வைத்தார். "நீங்க மாசாமாசம் ரெண்டு பாட்டல்ல புடிச்சிட்டுப் போவீங்கல்லங்க. போனவரு ஒண்ணும் சொல்றதில்லியேன்னு நாங்க பேசிக்குவோம். எங்க ஊட்டுக்காரருதான் சொல்லுவாரு, பாவம் அவருக்கு மிசின்ல ஒண்ணும் தெரியலியாட்டம் இருக்குது, தெரிஞ்சா மனுசன் சொல்லாம இருப்பாரான்னு."

அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. கழுவிய பாத்திரங்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"இன்னைக்கு அந்தப் புள்ளைகிட்டச் சொன்னீங்க பாருங்க, அப்பத்தானுங்க எனக்குத் தெரிஞ்சுது, உங்களுக்கு மொதல்ல இருந்தே தெரியும்னு."

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினார். வழக்கம்போலத் தலையாட்டுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பவில்லை.